மூன்றாம் பாகம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"ஹலோ... ஆமா... ஆமா, நான்தான். யாரு?... அட, அண்ணே, நீங்களா! குரலே மாறிப்போச்சு... இல்ல இல்ல, தூங்கல. இன்னைக்குக் கடை லீவு... ம், சாப்பிட்டேன்... சாப்பிட்டேண்ணே, சத்தியமா... தூக்கமா? வருதே. படுத்தா உடனே வருது."

மறுமுனையில் இருந்தவர் பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்தவர்களுக்குச் சாவி செய்து கொடுப்பது அவர் தொழில். மீதி நேரமெல்லாம் ஞான நூல் படிப்பார். அவளுடைய கணவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். ஐந்து வருஷமாகக் காலை ஆறு மணிக்கு இந்த வீட்டுத் தொலைபேசி அடிக்கும். கணவர் எடுத்து ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். துறவிகளும் ஞானிகளும் எழுதியவற்றைத் தொகுத்த ஏழு பாகங்கள், ஆளுக்கொரு பிரதி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் ஒரு வரிகூடக் கிடையாது. அடுப்படியில் நின்றபடி அவள் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இருப்பாள். தொலைபேசியில் மோட்சம் தேடுகிற ஆட்களை அவள் வேறெங்கும் கண்டதில்லை.

கணவர் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. பட்டப்பகலில், மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கும்போது படியில் விழுந்தார். தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலையை, முழங்கால் வலி என்று சொல்லி இரண்டு வருஷம் முன்பே விட்டிருந்தார். ஆகவே எல்லோரும் முழங்காலைத்தான் குற்றம் சொன்னார்கள். அவளும் ஆமாம் என்றாள். இந்த மூன்று மாதத்தில் அவள் எதற்கும் இல்லை என்று சொன்னதே இல்லை.

"சொல்லுங்கண்ணே, கேட்டுட்டுதான் இருக்கேன்... என்ன திட்டம்?... படிக்கவா? நானா?... அவரு இடத்துலயா?... அண்ணே, நான் மருந்துச் சீட்டு தவிர ஒண்ணும் படிச்சது கிடையாது. ஞானத்துக்கும் எனக்கும் வெகு தூரம்... ம்... ம்... தனியாப் படிக்க முடியலையா உங்களுக்கு?... சரி... சரி, அழாதீங்க. இதுக்குப் போய்... சரிண்ணே, படிக்கறேன்."

சொல்லிவிட்டாள். சொன்னதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. போன வாரம் கீழ்வீட்டுக்காரம்மா ஒரு பூந்தொட்டியைக் கொண்டு வந்து வைத்துக்கொள்ளச் சொன்னபோதும் இப்படித்தான் சரி என்றாள்.

"இருங்க, எழுதிக்கறேன். பேப்பர் எடுத்துக்கறேன்... ம், சொல்லுங்க."

கையில் கிடைத்தது கடையின் ஆர்டர் சீட்டு. அவள் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கண் சோதனை செய்கிறவள். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பாள். அந்தச் சீட்டில் வலது கண், இடது கண் என்று இரண்டு கட்டம் அச்சடித்திருக்கும். அவள் வலது கண்ணுக்குக் கீழே கிழமையையும், இடது கண்ணுக்குக் கீழே பக்கத்தையும் எழுத ஆரம்பித்தாள்.

"தினம் ஒரு பக்கம்... ஆறு நாள்... ஏழாவது நாள்? படிக்கக் கூடாதா? பின்ன என்ன பண்ணணும்?... யோசிக்கணுமா? எதை?... படிச்சதையா? புரிஞ்சாத்தானே யோசிக்க... சரி சரி, எழுதிட்டேன். ஏழாம் நாள், யோசனை... நீங்க ஒரு நாள், நான் ஒரு நாளா வாய்விட்டுப் படிக்கறோம்... ம்... உடம்பு முடியலைன்னா?... அப்பவும் போன் பண்ணி ஒரு வரியாவது. அண்ணே, பள்ளிக்கூடமே தேவலை... இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?... நாலு வருஷமா! உங்களுக்குப் பரவால்ல, எனக்கு அதுக்குள்ள பல்லே போயிடும்."

பூட்டுக்காரர் சிரித்திருக்க வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் சிரிப்புக்கு உரிய இடத்தில் மூச்சை விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவள் எப்போது அழுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் ஒரு சொட்டும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நாத்தனார் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள்.

உண்மை என்னவென்றால், அவளுடைய துக்கம் பழைய துக்கம். கணவர் அவளை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே வீடுதான், ஒரே கட்டில்தான். ஆனால் மனிதர் அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பேசும்போது அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்ப்பார். அவள் நகர்ந்து எதிரே நின்றால் அவர் பார்வையும் நகர்ந்துகொள்ளும். படிப்பு முற்றிப் பற்று விட்டுப்போச்சு, ஆள் சாமியார் ஆகிக்கொண்டு வருகிறார், நான் அவருக்கு ஒரு மேஜை நாற்காலி மாதிரி என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். ஒருநாள் கேட்டும் பார்த்தாள். அவர் சிரித்தார், அதையும் அவள் காதைப் பார்த்தே. அன்றைக்கு அழுததுதான் கடைசி.

அந்தப் புத்தகங்கள் மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம்கூட இப்போது ஆறிப்போயிருந்தது. படிக்கச் சொன்னால் படிக்கலாம். அவ்வளவுதான்.

"எந்தப் பாகம்?... நாலு... முந்நூத்திப் பதினெட்டா? அங்கதான் நிறுத்தினீங்களா... இருங்க, எடுத்துட்டு வரேன். ரிசீவரைக் கீழ வெக்கறேன், கட் பண்ணிடாதீங்க."

உள்ளறையில் அலமாரியின் நடுத்தட்டில் ஏழும் வரிசையாக இருந்தன. நாலாம் பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தாள். தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை.

"அண்ணே... இருக்கீங்களா?... இது என்ன, பக்கமே பிரியல. ஒட்டிக்கிட்டு இருக்கு... இல்ல, பிசின் இல்ல. மேல மடிச்சபடியே இருக்கு... ஓ. நாமதான் கத்தி வெச்சு வெட்டிக்கணுமா? உங்க புத்தகமும் அப்படித்தான் வந்துச்சா?... ம்... பழைய அச்சு, ஓரம் வெட்டாம விட்டுட்டாங்க. புரிஞ்சுது. ஆனா இது முதல் பக்கத்துலேர்ந்தே வெட்டலையே. கடைசி வரைக்கும் அப்படியே இருக்கு. இதுல எங்க முந்நூத்திப் பதினெட்டு வரைக்கும் படிச்சாரு?"

பதிலுக்குக் காத்திராமல் புத்தகத்தைத் திருப்பி மறுபக்க ஓரத்தையும் பார்த்தாள்.

"உங்களை நல்லா ஏமாத்தியிருக்காரு, போங்க! புத்தகத்தைத் தொறக்காமலே ஆமா ஆமான்னு மண்டைய ஆட்டியிருக்காரு. நான் அடுப்படியிலேர்ந்து கேக்கறேனே, தினம் நீங்க அங்கேர்ந்து ஏதோ கேப்பீங்க, இவரு வந்துட்டேன் வந்துட்டேன்னுவாரு... ம்? அது எதுக்கு?... ரெண்டு பேரும் ஒரே வரியில விரலை வெச்சுக்கிட்டு, அந்த இடத்துக்கு வந்துட்டேன்னு சொல்றதா. அழகுதான். எந்த வரியில விரலை வெச்சாரு? ஸ்டூலுலயா?... அண்ணே?... ஹலோ?... இருங்க, மூணாம் பாகத்தைப் பாத்துட்டு வரேன்."

அவள் எழுந்தபோது ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொன்னால், அடுத்த எழுத்தையும் கேட்டுப் பார்ப்பாள். அந்தப் பழக்கம்தான். மூன்றாம் பாகம் கொஞ்ச தூரம் சுலபமாகப் புரண்டது. ஓரங்கள் சீராக, பொறுமையாக வெட்டப்பட்டிருந்தன. பிறகு நின்றுவிட்டது.

"நூத்திப் பன்னெண்டு வரைக்கும் வெட்டியிருக்கு. அதுக்கப்புறம் இல்ல... அண்ணே, நூத்திப் பன்னெண்டாம் பக்கம் எப்போ படிச்சீங்க?... சும்மாதான் கேக்கறேன்... நீங்கதான் தேதி போட்டுப் படிக்கற ஆளாச்சே, பாத்துச் சொல்லுங்க... ம். இருக்கேன்."

காத்திருந்தாள். வெளியே யாரோ படியேறிப் போனார்கள். அடுத்த வீட்டில் தையல் மிஷின் ஓடி நின்றது.

"ரெண்டு வருஷம் முன்னாடி. சரி... அப்பதான் வேலையையும் விட்டாரு... அதுக்கப்புறம் அவரு ஒரு நாளாவது வாய்விட்டுப் படிச்சாரா?... ஒரு நாள்கூட இல்லையா? தினம் நீங்கதானா?... ஏன்னு நீங்க கேக்கலையா?... அண்ணே. அண்ணே, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வரியெல்லாம் வளைஞ்சு தெரியுதுன்னு சொன்னாரா?... நடுவுல ஒரு அழுக்கு மாதிரி, துடைச்சாலும் போகலைன்னு?... ரெண்டு கண்ணுலயுமா?"

அவள் குரல் கடைக் குரலாக மாறியிருந்தது. பதறாத குரல் அது. பயந்துபோய் வருகிற கிழவர்களை நாற்காலியில் உட்காரவைக்கிற குரல்.

"உங்களுக்குத் தெரியும்... இல்ல, சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்தானே... ம்... ம்... எந்த ஆஸ்பத்திரி?... நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களா? எத்தனை தடவை?... ஊசி போடலாம்னு சொன்னாங்களா?... ஊசிக்கும் கேக்காத வகை. கண்ணாடிக்கும் கேக்காது. சரி. அப்படி இருக்கறதுதான்... இல்ல, நான் கோபப்படலை. நான் கேட்டுக்கறேன், அவ்வளவுதான்."

கோபம் வரவேண்டிய இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் மரத்துப்போயிருந்தது.

"ஆனா அண்ணே, வருஷத்துக்கு ஒரு தடவை நான்தான் அவரு கண்ணைச் சோதிக்கறேன். போன வருஷம்கூடப் பண்ணினேன். கடையிலதான், அதே பலகையிலதான். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு எழுத்து தப்பாமச் சொன்னாரு. சபாஷ், உங்களுக்கு இருபது வயசுக் கண்ணுன்னு சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்தேன். கண்ணு தெரியாத மனுஷன் எப்படிக் கடைசி வரியை..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். எப்படி என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

தினமும் சாயங்காலம் அவளை அழைத்துப்போகக் கடைக்கு வருவார் அவர். அவளுக்கு ஒரு வாடிக்கையாளராவது பாக்கி இருக்கும். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார். எதிரே எழுத்துப் பலகை. ட, ய, ப, ம, ர என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பலகையை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊராருடைய கண்ணையெல்லாம் பார்த்தவள், வீட்டுக்காரர் பலகையை மனப்பாடமாக ஒப்பித்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

"மனப்பாடம். ஆமா... உங்ககிட்ட ஒப்பிச்சுக் காட்டினாரா? எப்போ? சோதனைக்கு முந்தின நாளா?... நீங்க சரி பாத்தீங்களா! ரெண்டு பேரும் உக்காந்து இதைத்தான் படிச்சீங்களாக்கும். ஞான நூல்... சிரிக்கலை. நான் எங்க சிரிச்சேன்?... ஏன் என்கிட்ட சொல்லல?... ம்... சத்தியம் வாங்கிக்கிட்டாரு. சரி, அவருக்கு என்ன காரணம்?... ம்... யார் கண்ணைப் பாத்தாலும் எனக்கு அவரு நெனப்பு வந்து கை நடுங்கும்னா?... நடுங்கியிருக்கும். அதுக்கென்ன? நடுங்கினா ரெண்டு நாள் லீவு போட்டிருப்பேன்."

ஆர்டர் சீட்டில் எழுதிய கிழமைகளை அவள் விரலால் தடவினாள். மை இன்னும் காயவில்லை, செவ்வாய்க்கிழமை கலைந்தது.

"அண்ணே, படி இறங்கும்போது விழுந்தாருல்ல. முழங்கால்னு சொன்னாங்க. நானும் வந்தவங்ககிட்டயெல்லாம் முழங்கால்னுதான் சொன்னேன். நீங்களும் அங்கதான் நின்னீங்க, கேட்டுட்டு... என்ன பண்ணியிருப்பேனா? ஒரு சுருள் மஞ்சள் டேப் வாங்கியிருப்பேன். ஒவ்வொரு படி விளிம்புலயும் ஒட்டியிருப்பேன். கடையில இதைத்தான் எல்லாருக்கும் சொல்றேன். அரை மணி நேர வேலை. மூணு மாடிக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும்... அழாதீங்க... அழாதீங்கன்னு சொல்றேன்ல. எனக்கே வரல, நீங்க எதுக்கு? என்னால இப்ப உங்களைத் தேத்த முடியாது. தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் இருக்கேன்."

பூட்டுக்காரர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை அவள் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம் கணவர் உட்கார்ந்த ஸ்டூலில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அதில் உட்கார்ந்தால் எதிரே ஜன்னல், பக்கத்தில் அடுப்படிக் கதவு. கதவு வழியாகப் பார்த்தால் அடுப்பும், அதன் முன்னால் ஒரு ஆள் நிற்கிற இடமும் தெரிகிறது. அவர் எப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள்.

"ம், வந்துட்டீங்களா... இல்ல, மன்னிப்பெல்லாம் இப்ப கேக்காதீங்க. கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். நான் இப்ப எல்லாத்துக்கும் சரிங்கறேன், அதனால அது செல்லாது. ஆறு மாசம் கழிச்சுக் கேளுங்க... திட்டமா? அது இருக்கட்டும், கலைக்க வேணாம். ஆனா முந்நூத்திப் பதினெட்டு இல்ல. மூணாம் பாகம், நூத்திப் பதிமூணுலேர்ந்து... உங்களுக்குப் படிச்சதையே மறுபடியும் கேக்கறதா ஆகும்தான். ஆகட்டும். நான் கத்தி எடுத்து வெட்டிக்கறேன்... ஆறு வருஷம் ஆகுமா? ஆகட்டுமே, எனக்கென்ன அவசரம்... எல்லா நாளும் நான்தான் படிப்பேன். நீங்க கேளுங்க. இத்தனை நாள் நீங்க படிச்சது போதும்."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று மாதத்தில் அவள் முதன்முதலாகப் பயந்தது அப்போதுதான்.

"அண்ணே... இந்த வியாதிக்காரங்க என் கடைக்கு நிறைய வருவாங்க. நேராப் பாத்தா எதிர்ல இருக்கற ஆளோட முகமே காணாமப் போயிடும். வீட்டுக்காரி முகம் தெரியலையேன்னு அழுவாங்க. நான் அவங்களுக்கு ஒரு வித்தை சொல்லித் தருவேன். நேராப் பாக்காதீங்க, காதைப் பாருங்க, ஓரக்கண்ணுல முகம் தெரியும்னு. என் காதை வெச்சே பழக்குவேன்... ஆமா... அவரு பெஞ்சுல உக்காந்து இதையும் கேட்டிருக்காரு... ம்... ரெண்டு வருஷமா என் மூஞ்சியவே பாக்கலைன்னு நான்... நான் என்னென்னமோ நினைச்சுட்டேண்ணே. என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். அவரு போனப்போகூட அதான் நெனச்சேன். அவரு என்னைத்தான் பாத்துட்டு இருந்தாரா?"

மறுமுனையில் பூட்டுக்காரர் பேசினார். இந்த முறை நிறுத்தாமல் நிறைய நேரம் பேசினார். அவள் ம் கொட்டவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த ஃப்ரேம்?... பச்சையா? ஆமா, போன வருஷம் மாத்தினேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் போட்டுட்டு நின்னேன், ஒரு வார்த்தை சொல்லல அவரு... உங்ககிட்ட சொன்னாரா?... என்னன்னு?... என் நெறத்துக்கு எடுப்பா இருக்குன்னா?... காலையில ஆறு மணிக்கு, ஞான நூலுக்கு நடுவுல, இதையா பேசினாரு?... என்கிட்ட சொன்னா, மூஞ்சியப் பாக்காமலே எப்படித் தெரியும்னு கேப்பேன்னு பயம்... சரி... சரிண்ணே... இல்ல, நல்லாத்தான் இருக்கேன்... அழலையே... இருங்க. அழறேன்னுதான் நினைக்கறேன்... பேசாதீங்க. வேணாம், ஒண்ணும் பேசாதீங்க. வைங்க... நாளைக்கு ஆறு மணிக்குப் பண்ணுங்க. இப்ப வைங்க... நீங்க வைங்கண்ணே, என்னால வைக்க முடியல..."

அவர் வைத்துவிட்டார்.